வேரை விட்டுவைத்த மனிதர்

கொங்கு நாட்டுக்குக் கோட்டும் தொப்பியும் அணிந்து வந்த வெள்ளைத் துரைமார்கள் பலர். வரி வாங்க வந்தவர் உண்டு. வழக்குத் தீர்க்க வந்தவர் உண்டு. அமெரிக்கப் பருத்தி இந்த மண்ணில் விளையுமா என்று பயிரிட்டுப் பார்க்க வந்தவர் உண்டு. மலையை வெட்டித் திருத்திக் காப்பியும் தேயிலையும் நட்டு லாபக் கணக்குப் பார்க்க வந்தவரும் உண்டு. அவர்களில் மிகப் பலருடைய பெயர்கள் இன்று பழைய தஸ்தாவேஜுகளில் மட்டுமே உறங்குகின்றன. எடுத்துக்கொண்டு போனவர்களை மண் நினைவில் வைத்திருப்பதில்லை.

ஆனால் ஒருவர் பெயரை மட்டும் பொள்ளாச்சிச் சீமையார் இன்னும் மறக்கவில்லை. அவர்தாம் ஹியூகோ உட். 1870இல் பிறந்து 1933இல் மறைந்த ஆங்கிலேயர், வனத்துறை அதிகாரி. நாடாண்டவரல்லர், போர் வென்றவரல்லர், புத்தகம் எழுதிப் புகழ் தேடியவருமல்லர். ஆனைமலையில் மரம் வளர்த்தார். அங்கேயே மண்ணுக்குள் போனார். அவ்வளவுதான் அவருடைய வரலாறு. அந்தச் சிறிய வரலாற்றை இன்று நாம் எடுத்துச் சொல்ல முற்படுவது நன்றிக் கடன் தீர்ப்பதற்காக மட்டுமன்று. அவர் கற்றுக்கொண்ட பாடத்தை, அவரைப் போற்றுகிற நாமே மறந்துகொண்டிருக்கிறோம் என்பதற்காகவுந்தான்.

உட் வந்து சேர்ந்தபோது ஆனைமலை எந்த நிலையில் இருந்தது? அதை அறிந்தால்தான் அவர் செய்த வேலையின் அருமை விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்தபோது பிரிட்டிஷாருக்குக் கப்பல் வேண்டியிருந்தது. அவர்கள் நாட்டு ஓக் மரம் போதவில்லை. தேக்கு உப்புநீருக்கு அசையாது, கரையானுக்கு இரையாகாது. மேற்குத் தொடர்ச்சி மலையெங்கும் தேக்கைத் தேடி அலைந்த கண்கள் ஆனைமலையில் வந்து நின்றன. 1848இல் மைக்கேல் என்னும் இளம் ராணுவ அதிகாரி, பம்பாய்க் கப்பல் துறைக்கு மரம் அனுப்புவதற்கென்றே இந்த மலைக்கு அமர்த்தப்பட்டார். பெருமரங்கள் சாய்ந்தன. யானைகள் இழுத்து வந்த கட்டைகளை மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டி விட்டார்கள். கட்டை சறுக்கிய அந்த இடத்துக்குத்தான் டாப்சிலிப் என்று பெயர் விழுந்தது. இன்று குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது, அது ஒரு காடு கீழே சரிந்த கதையின் பெயர் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

கப்பலின் பசி அடங்குமுன் ரயிலின் பசி பிறந்தது. 1862இல் மேற்குக் கடற்கரையிலிருந்து போத்தனூருக்குத் தண்டவாளம் வந்து சேர்ந்தது. தண்டவாளத்தின் அடியில் கிடத்தக் கட்டை வேண்டும். எஞ்சினுக்கு எரிக்க விறகு வேண்டும். காடு அள்ள அள்ளக் குறையாத செல்வம் என்றே எண்ணினார்கள். பணம் வைக்கிற பெட்டியில் போடாமலே எடுத்துக்கொண்டிருந்தால் ஒருநாள் கை அடிப்பலகையில் முட்டும் என்பது வீட்டுக் கணக்கு எழுதும் பெண்களுக்குத் தெரியும். பேரரசு நடத்தியவர்களுக்குத் தெரியவில்லை.

தெரிந்த ஒரு சிலரும் அவர்களுக்குள் இருந்தார்கள். சென்னையில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர் ஹியூ கிளெக்ஹார்ன் அவர்களில் ஒருவர். வெப்பமண்டலக் காடுகளை அழிப்பதால் மழைக்கும் மண்ணுக்கும் பொருளாதாரத்துக்கும் என்ன நேரும் என்று ஆராய்ந்த அறிக்கையொன்றை அவரும் அவருடைய தோழர்களும் 1851இலேயே பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் முன்வைத்தார்கள். 1856இல் சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளராகப் பொறுப்பேற்ற கிளெக்ஹார்ன், 1858இல் ஆனைமலையின் உயர்ந்த பகுதிகளில் ஏறி அங்குள்ள செடிகொடிகளைப் பதிவு செய்தார். 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. கோவையில் 1902இல் வன அருங்காட்சியகம் தோன்றியது. 1912இல் வனக் கல்லூரியும் எழுந்தது. தென்னாட்டுக்கே காட்டுக் கல்வி புகட்டிய ஊர் கோவை. இந்தப் பெருமையை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

சட்டம் வந்தது, கல்லூரியும் வந்தது. ஆனால் ஆனைமலையின் தேக்குச் சரிவுகள் மொட்டையாகவே கிடந்தன. அந்த வேளையில்தான், முதல் உலகப் போரின் காலத்தை ஒட்டி, ஹியூகோ உட் இந்த மலையின் வேலைத் திட்டத்தைக் கையில் எடுத்தார்.

வேலைத் திட்டம் என்றால் என்ன? இந்த ஆண்டு எந்தச் சரிவில் கை வைக்கலாம், எந்தச் சரிவில் கை வைக்கக் கூடாது, வெட்டிய இடத்துக்கு எத்தனை ஆண்டு கழித்துத் திரும்பி வரலாம் என்று எழுதி வைக்கிற ஏடு அது. கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் அதன் உட்பொருள் ஆழமானது. காட்டின் முதலைத் தொடாதே, வட்டியை மட்டும் எடு என்பதே அந்த ஏட்டின் சாரம். அந்த ஏடு கண்டிராக்டரின் கையைக் கட்டிற்று. மேலதிகாரியின் கையைக் கட்டிற்று. எழுதியவருடைய கையையும் சேர்த்தே கட்டிற்று.

அவர் கொண்டுவந்த முறையும் எளிமையானதே. மரத்தை வேரோடு பெயர்க்காதே. தரையை ஒட்டி வெட்டி, அடிக்கட்டையை விட்டுவிடு என்றார். தேக்குக்கு ஓர் இயல்பு உண்டு. அடிக்கட்டை உயிரோடு இருந்தால் மழை கண்டதும் பக்கத்தில் துளிர் விடும். பழைய வேர் ஆழத்தில் நீரைப் பிடித்திருப்பதால், விதையிலிருந்து வரும் கன்றைவிடத் துளிரிலிருந்து வரும் கன்று மளமளவென்று வளரும். முருங்கையையும் கிளுவையையும் வெட்டி வளர்த்த கொங்கு உழவனுக்கு இது புதிய சேதியா? இல்லை. ஆனால் மலையையே மொட்டையடித்துப் பழகியவர்களுக்கு அது புதிய சேதியாகத்தான் இருந்தது.

அடிக்கட்டையும் மிஞ்சாத இடத்தில் என்ன செய்வது? அதற்கும் உட் ஒரு வழி வைத்திருந்தார் என்று மலை வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். சட்டைப் பை நிறையத் தேக்கு விதை. கையில் ஒரு கைத்தடி. நடக்கிற வழியெல்லாம் தடியால் மண்ணைக் குத்துவார், குழியில் விதையைப் போடுவார், மண்ணைத் தள்ளி மூடுவார், மேலே நடப்பார். திரும்பிப் பார்க்க மாட்டார். தேக்கு விதை கெட்டியான ஓடு கொண்டது. வெயிலில் காய்ந்து மழையில் ஊறிய பிறகே முளைக்கும், போட்டதெல்லாம் முளைத்துவிடாது. அப்படிப்பட்ட விதையை நம்பி நாள்தோறும் நடந்த மனிதரின் பொறுமையை எண்ணிப் பாருங்கள். தேக்கு முதிர அறுபது, எழுபது ஆண்டு வேண்டும். நட்டவன் நிழலில் உட்காரப் போவதில்லை என்று தெரிந்தே நட்டார்.

மவுண்ட் ஸ்டூவர்ட்டில் சிறிய இருப்பிடம். பட்டணத்து விருந்து இல்லை, கிளப்பு இல்லை. தனியாகவே காலம் கழித்தார் என்கிறார்கள். காடும் நடையும் கணக்குப் புத்தகமுமே அவருடைய குடும்பம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போனால் நாம் வரலாற்றுக்குத் துரோகம் செய்தவர்களாவோம். அந்தக் காட்டைத் தனியொரு துரை வளர்த்துவிடவில்லை. காடர், மலசர், மலைமலசர், முதுவர், எரவாளர், புலையர் என்று ஆனைமலையைத் தாயகமாகக் கொண்ட மக்கள் இருக்கிறார்கள். எந்தச் சரிவில் ஈரம் நிற்கும், எந்த மரம் எந்த மாதம் காய்க்கும், யானை எந்தத் தடத்தில் இறங்கும் என்று துரைமார்களுக்கு வழி காட்டியவர்கள் அவர்கள். யானையைப் பழக்கியவர்கள் அவர்கள். கட்டையை இழுத்தவர்கள் அவர்கள். நாற்றுக்கு மண் வெட்டியவர்களும் அவர்களே. அவர்களுடைய பெயரை எந்த வேலைத் திட்டமும் அட்டையில் போடவில்லை. உட் வளர்த்த தேக்கும் அன்றைய சர்க்காரின் வருவாய்க்காக வளர்ந்ததே ஒழிய, காடர் குடிசைக்குக் கூரை போடுவதற்காக அன்று.

இன்னொன்றும் உண்டு. தேக்கு வேறு, மழைக்காடு வேறு. தேக்கு கோடையில் இலை உதிர்த்து நிற்பது. மழைக்காடோ ஆண்டு முழுவதும் பச்சை மாறாதது. ஒரே மரம் வரிசை பிடித்து நிற்பதன்று, நூறு சாதி மரங்கள் நெருங்கிக் கலந்து அடுக்கடுக்காக நிற்பது. டாப்சிலிப்புக்கு அருகே கரியன் சோலை என்று ஒரு சோலை இருக்கிறது. உள்ளே நுழைந்தால் உச்சிப் பொழுதிலும் அந்தி மயங்கும். சோலைமந்தி கிளை விட்டுக் கிளை தாவும். இருவாசி சிறகடிக்கும் ஓசை காற்றைக் கிழிக்கும். இருவாசி கூடு வைக்க மிகப் பெரிய பழைய மரத்தின் பொந்து வேண்டும். அப்படிப்பட்ட மரத்தை எந்த நாற்றங்காலும் பத்தாண்டில் கொடுத்துவிடாது. தேக்கை நட்டு வளர்க்கலாம். சோலையை விட்டுவைக்கத்தான் முடியும். மேலே வால்பாறைப் பீடபூமியில் தேயிலைக்காக அழிந்த சோலைகள் இன்று துண்டு துண்டாகத் தோட்டங்களுக்கு நடுவே தத்தளிப்பதே இதற்குச் சாட்சி.

உட்டின் திட்டத்துக்குக் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. எடுப்பதற்கும் எல்லை உண்டு என்று அந்த மலையில் எழுதி வைத்து, எழுதியபடி நடந்து காட்டினார். அதுவே அவருடைய பெருமை.

1933இல், அறுபதைக் கடந்த வயதில், உடல் நலிந்து அவர் மறைந்தார். சொந்த நாட்டு மண்ணை அவர் கேட்கவில்லை. அவருடைய விருப்பப்படியே மவுண்ட் ஸ்டூவர்ட்டில், அவருடைய தேக்கு மரங்களுக்கு நடுவே அடக்கம் செய்தார்கள். கல்லறையில் லத்தீன் மொழியில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறது. லண்டன் தூய பவுல் தேவாலயத்தைக் கட்டிய கட்டடக் கலைஞருக்கு வைத்த வாசகம் அது. நினைவுச் சின்னம் தேடுகிறவன் தன்னைச் சுற்றிப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் கருத்து. கலைஞருக்கு அந்தக் கட்டடம் சின்னம். உட்டுக்கு அந்தக் காடு சின்னம்.

பிறகு காலம் மாறிற்று. நாடு விடுதலை பெற்றது. 1976இல் ஆனைமலை வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. 958 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2007இல் புலிகள் காப்பகம் ஆயிற்று. 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை உலகப் பாரம்பரியச் சொத்து என்று யுனெஸ்கோ அறிவித்தபோது, கரியன் சோலையும் புல்மலையும் அந்தப் பட்டியலில் இடம் பெற்றன. அதே மலையின் நீரைத் தேக்கியும் திருப்பியும்தான் பரம்பிக்குளம் ஆழியாறுத் திட்டம் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கேயம் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. மலைமேல் சோலை இலைச் சருகைப் பரப்பி, மண்ணைப் பஞ்சுபோல் ஆக்கி, பெய்த மழையைக் குடித்துச் சொட்டுச் சொட்டாக விடுகிறது. சமவெளியில் தென்னை நிற்கிறது. இந்த உறவு தெரியாத உழவன் கொங்கு நாட்டில் இல்லை.

இங்கேதான் உட்டின் பாடம் இன்றைய நம்மைச் சுடுகிறது.

வெட்டிய தேக்கு துளிர்க்கிறது, ஏன்? வேர் இருக்கிறது. எரிந்த காடு ஓரளவு மீள்கிறது, ஏன்? மண் இருக்கிறது. சுரங்கமும் கல் குவாரியும் செய்கிற வேலை வேறு. மரம் போகிறது, மரத்தோடு வேர் போகிறது, வேரோடு மேல்மண் போகிறது, மண்ணுக்கடியில் நீரைத் தாங்கிய பாறையும் போகிறது. கோடரிக்குத் தப்பிய காடு உண்டு. வெடிமருந்துக்குத் தப்பிய மலை உண்டா? வெட்டிய மரம் துளிர்க்கும். வெடித்த மலை துளிர்க்குமா? முதலும் வட்டியும் என்று உட் வகுத்த கணக்கில், கல்லுக்கு வட்டியே கிடையாது. எடுப்பதெல்லாம் முதல்.

நடந்த கதைகளையே பார்ப்போம். கர்நாடகத்தில், இதே மேற்குத் தொடர்ச்சி மலையில், பத்ரா ஆறு பிறக்கும் பகுதியில், மழைக்காட்டுக்கும் புல்வெளிக்கும் நடுவே குதிரேமுக் இரும்புத் தாதுச் சுரங்கம் இருந்தது. தாது வெட்டிய மண் ஆற்றில் இறங்கிற்று. சுப்ரீம் கோர்ட்டு குறுக்கிட்டு 2005 டிசம்பர் முடிவோடு சுரங்கத்தை நிறுத்தச் செய்தது. நம் கொங்குப் பக்கத்திலேயே சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் மேட்டூர் அலுமினியத்துக்காக பாக்சைட் வெட்டிய வடுக்கள் உண்டு. கடல் கடந்து போனால், பிரேசில் நாட்டில் அமேசான் காட்டுக்குள் ரென்கா என்ற பெயரில் ஒதுக்கி வைத்திருந்த நிலப்பரப்பு டென்மார்க் நாட்டைவிடப் பெரியது. 2017 ஆகஸ்டில் ஒரே ஆணையால் அதைச் சுரங்கத்துக்குத் திறந்துவிட்டார் அந்நாட்டு அதிபர். உலகமே கொதித்தெழுந்தது, அடுத்த மாதமே ஆணை வாபஸ் ஆயிற்று. காட்டை அழிப்பதற்கு முன்னால் அதைக் காக்கும் எழுத்தை அழிக்க வேண்டியிருக்கிறது என்பதை ரென்கா நமக்குக் காட்டிற்று.

அந்த எழுத்து நம் நாட்டில் எப்படி இருக்கிறது?

1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. நீலகிரியின் கூடலூர்ப் பக்கத்தில் மரம் வெட்டியதிலிருந்து எழுந்த வழக்கில், 1996இல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொல்லிற்று: யாருடைய நிலமாக இருந்தாலும், அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடே, அதற்கு இந்தச் சட்டம் பொருந்தும் என்று. நம் மலையிலிருந்து பிறந்த அந்த வழக்கு இந்தியக் காடுகள் அனைத்துக்கும் குடை பிடித்தது. 2022இல் விதிகள் மாறின. மலைவாழ் மக்களின் கிராம சபை ஒப்புதலைப் பெறும் பொறுப்பு, டில்லியின் அனுமதிக்குப் பிந்திய கட்டத்துக்குத் தள்ளப்பட்டது. பந்தி முடிந்த பிறகு இலை போடுவதற்கு ஒப்பான வேலை அல்லவா இது? 2023இல் சட்டமே திருத்தப்பட்டது. அறிவிக்கப்பட்ட காட்டுக்கும் ஏட்டில் பதிவான காட்டுக்கும் மட்டுமே அது பொருந்தும் என்று குடை சுருங்கிற்று. 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு, பழைய பொருளையே இப்போதைக்குப் பின்பற்றுங்கள் என்று இடைக்கால உத்தரவு போட வேண்டி வந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கென்றே 2011இல் மாதவ் காட்கில் தலைமையிலான குழு அறிக்கை தந்தது. கடுமையானது என்று சொல்லி, 2013இல் கஸ்தூரிரங்கன் குழுவின் அறிக்கையைப் பெற்றார்கள். அதன்படி சுற்றுச்சூழல் கூருணர்வுப் பகுதி என்று குறிக்கப்படும் இடத்தில் சுரங்கமும் குவாரியும் மணல் அள்ளுவதும் கூடா. இருப்பவையும் ஐந்தாண்டில் மூடப்பட வேண்டும். ஆறு மாநிலங்களில் 56,800 சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டில் 6,914 சதுர கிலோமீட்டர். 2014இல் முதல் வரைவு. 2024 ஜூலை 31இல் ஆறாவது வரைவு. அதற்கு முதல் நாள்தான் வயநாட்டில் மலை சரிந்து நூற்றுக்கணக்கானோரை மண் மூடிற்று. பத்தாண்டில் ஆறு வரைவுகள். இறுதி ஆணை ஒன்றுகூட இல்லை. வரைவு மழையைத் தடுக்காது; வரைவு மலையைத் தாங்காது.

நம் மாநிலமும் இதில் பின்தங்கவில்லை. 2021 நவம்பரில் தமிழ்நாடு அரசு நல்ல விதியொன்று செய்தது: சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம், காப்புக்காடு ஆகியவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது. வரவேற்றோம். 2022 டிசம்பரில் அந்த விதியிலிருந்து காப்புக்காடு என்ற சொல் நீக்கப்பட்டது. தொழிலும் வருவாயும் பாதிக்கப்படுகின்றன என்று காரணம் சொன்னார்கள். ஒரே ஒரு சொல்தான் போயிற்று. அந்தச் சொல்லுக்குள் எத்தனை குன்றுகள் அடங்கியிருந்தன என்று எண்ணிப் பார்த்தார்களா? எந்தக் கட்சி ஆண்டாலும், எந்த நிறத் துண்டு தோளில் கிடந்தாலும், மலையடிவாரத்து உழவன் கேட்க வேண்டிய கேள்வி இது.

கோவைக்கு வடமேற்கே தடாகம் பள்ளத்தாக்கைப் பாருங்கள். செங்கலுக்காகச் செம்மண் தோண்டினார்கள். தென்னை நின்ற இடம் படுகுழியாயிற்று. யானை நடந்த தடம் பள்ளமாயிற்று. ஊர் மக்கள் ஆண்டுக்கணக்கில் மனு எழுதினார்கள், கோர்ட்டுப் படியேறினார்கள். 2021இல் நூற்றுக்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. சட்டம் வேலை செய்தது, உண்மைதான். ஆனால் குழி குழியாகவே கிடக்கிறது. காலம் கடந்து வரும் நீதி மண்ணைத் திருப்பித் தருவதில்லை.

வீடு கட்டக் கல் வேண்டாமா, பாலத்துக்கு ஜல்லி வேண்டாமா, குவாரித் தொழிலாளி பிழைக்க வேண்டாமா என்று கேட்பார்கள். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். நாமும் கல்வீட்டில் குடியிருப்பவர்களே. வெயிலில் கல் உடைப்பவன் நம் சகோதரன். லாரி ஓட்டுபவன் நம் வீட்டுப் பிள்ளை. அவர்கள் அடுப்பில் பூனை தூங்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. உட்டும் மரமே வெட்டக் கூடாது என்று சொல்லவில்லையே! எங்கே வெட்டலாம், எங்கே கூடாது, எவ்வளவு என்று எழுதி, எழுதியதை மீறாமல் இருந்தார். சமவெளியில் கல் எடுக்கும் இடத்தை வகுக்கட்டும். எடுத்த குழியை மூடும் செலவை எடுத்தவன் தலையில் வைக்கட்டும். உடைத்த பழைய கட்டடத்தின் கல்லை மீண்டும் பயன்படுத்தட்டும். வேலை இழப்பவனுக்கு வேறு வேலை காட்டட்டும். மலையின் மடியில் மட்டும் கை வைக்க வேண்டாம். குவாரி மூடினால் தொழிலாளிக்கு வேறு வேலை தேடித் தரலாம். ஆறு வற்றினால் உழவனுக்கு வேறு ஆறு யார் தேடித் தருவார்?

அயலான் ஒருவன், அயல் அரசின் சம்பளம் வாங்கியவன், கப்பலுக்கும் ரயிலுக்கும் மரம் கொடுக்க வேண்டிய உத்தியோகத்தில் இருந்தும், இவ்வளவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று தன் கையையே கட்டிக்கொண்டான். இந்த மண்ணில் பிறந்த நாம், நாமே தேர்ந்தெடுத்த அரசைக் கொண்டு, நாமே எழுதிய விதியை ஓராண்டு கழித்து நாமே அவிழ்த்துவிடுகிறோம். தென்னாட்டுக்கே வனக் கல்வி தந்த கோவை இதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கலாமா?

ஹியூகோ உட்டுக்கு மாலை போடுவது எளிது. அவர் பெயரால் விழா எடுப்பதும் எளிது. 2021இல் எழுதிய சொல்லை மீண்டும் எழுதுவதும், மலைக்கான வரைவை மலைவாழ் மக்களைக் கலந்து இறுதி ஆணையாக்குவதுமே அவருக்குச் செய்யும் மெய்யான மரியாதை. அவர் நட்ட விதைகள் முளைக்க மழையைத்தான் எதிர்பார்த்தன. நாம் போட வேண்டிய விதி முளைக்க மக்களின் குரல் வேண்டும். அந்தக் குரல் ஆழியாற்றங்கரையிலிருந்தும் நொய்யற்கரையிலிருந்தும் எழட்டும். வேர் இருக்கும்போதே எழட்டும்.